கல் வைத்த கட்டு

1999 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ரேணிகுண்டாவில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலை ஒட்டி மடக்கு நாற்காலியில் நான். பெயர் எத்திராஜ், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டெஸ்பாட்ச் கிளார்க். எதிரே பாயின் ஒரு முனையில் என் மனைவி கல்பனா, மடியில் முறம், முறத்தில் பச்சைப்பயறு. பாயின் மறுமுனையில் என் மாமியார் பொன்னியம்மா, சுவரில் சாய்ந்து காலை நீட்டியபடி. அவர் நகரிப் பக்கத்து மலையடிவாரக் கிராமத்திலிருந்து பொங்கலுக்கு வந்தவர். வாசற்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ரமணா. புத்தலப்பட்டுத் தெலுங்குக்காரன், என் சிநேகிதன், ஆட்டோ ஓட்டுகிறவன், ஆட்டோவைக் கண்ணில் வைத்துக்கொள்ளாமல் அவனால் எங்கும் உட்கார முடியாது. கட்டிலின் விளிம்பில் கல்பனாவின் தங்கை பிரமிளா. அவள் கையில் சென்னையிலிருந்து வந்த கடிதம்.

பிரமிளா திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் எஸ்.டி.டி. பூத்தில் வேலை செய்கிறாள். குவைத்துக்கும் மஸ்கட்டுக்கும் பேசுகிறவர்கள் கண்ணாடிக் கதவுக்குள் நின்று அழுவதையும் சண்டை போடுவதையும் கேட்டுக்கொண்டு, ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் நடுவே, மூன்று வருஷமாக ஒரு நாவல் எழுதினாள். கொலைக் கதை. பெயர் ‘பாலையா மலையேறுகிறார்’. பெண்களைப் பொய்க் காகிதத்தில் குவைத்துக்கு அனுப்பும் ஏஜெண்ட் ஒருவன் காணாமல் போகிறான். நான்காம் நாள் அவனுடைய பிணம், தினம் நாற்பது பேர் நடக்கிற மலைப்பாதையின் ஓரத்தில், ஒரு கூரைப்புல் கட்டுக்கு அடியில் கிடைக்கிறது. விசாரிக்க வருகிறவர் ஹெட் கான்ஸ்டபிள் பாலையா. அவருக்கு முட்டி வலி. ஒரே மூச்சில் ஏற முடியாததால் வழியில் ஏழு கற்களில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறார். உட்காருகிற இடத்திலெல்லாம், நடந்து போகிறவர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிடுகிறார்.

அதைச் சுத்தப் பிரதி எடுத்தவன் நான். நீலக் கார்பன் வைத்து இரண்டு பிரதி, ஒவ்வொன்றும் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எழுதும்போது பல இடங்களில் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். உதாரணத்துக்கு, நாற்பத்தோராம் பக்கம்: “மழை நின்ற மூன்றாம் நாள் அருவி நின்றது. நான்காம் நாள் பாறையில் அதன் ஈரக்கோடு மட்டும் இருந்தது, யாரோ அழுதுவிட்டு முகம் துடைக்காமல் போன மாதிரி.” அந்த மலையை என் கல்யாணத்திலிருந்து பார்த்து வருகிறேன். சிவந்த பாறை, மேலே மூக்கு மாதிரி நீட்டிய செங்குத்து, கீழே முள்ளும் புல்லும். பெண் எடுத்த ஊரின் மலை என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் ஒன்றும் நினைத்ததில்லை. பிரமிளா எழுதியதைப் பிரதி எடுத்த பிறகு ஒருமுறை ரயிலில் போகும்போது அதற்காக ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்தேன்.

டிசம்பரில் நான்கு ஞாயிறு இதே அறையில் நான் உரக்க வாசிக்க இவர்கள் கேட்டார்கள். பொன்னியம்மாவும் அதற்காகவே ஊரிலிருந்து வந்து வந்து போனார். ரமணாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, கேட்டால் புரியும். நாலு ஞாயிறும் சவாரியை விட்டுவிட்டு வந்து கேட்டான்.

சென்னைப் பதிப்பகத்தின் ஆசிரியர் ஜெயச்சந்திரன் எழுதிய கடிதத்தை அன்று பிரமிளா படித்தாள். நடை புதிதாக இருக்கிறது, பாலையா மறக்க முடியாத பாத்திரம், புதிய எழுத்தாளர்களின் முதல் நாவல் வரிசையில் சேர்க்க விருப்பம். ஆனால் இரண்டு மாற்றங்கள் தேவை. ஒன்று, தினம் நாற்பது பேர் போகிற வழியில் ஒரு புல்கட்டை நான்கு நாள் ஒருவர்கூடத் தொடவில்லை என்பது நம்பும்படி இல்லை. பிணத்தை வேறு இடத்தில் மறைக்கவும். இரண்டு, வாசகர்கள் கேள்விப்படாத வறண்ட குன்றுக்குப் பதிலாகக் கொடைக்கானல் போன்ற இயற்கை எழில் மிக்க இடத்தில் கதை நடந்தால் நல்லது. திருத்தி அனுப்புவதற்காக முதல் பிரதியையும் கடிதத்தோடு திருப்பியிருந்தார். பிப்ரவரி 5-க்குள் பதில் வராவிட்டால் அந்த இடத்தை வேறொருவருக்குத் தர நேரும்.

கல்பனா முறத்தைக் கீழே வைத்தாள். “கொடைக்கானலா? அங்க இவளுக்கு யாரத் தெரியும்? யாரக் கொல்லுவா?”

“பாலையாவ அங்க டிரான்ஸ்பர் பண்ணா ஆட்டோ ஸ்டாண்டுல ஸ்ட்ரைக்குதான் அன்னா,” என்றான் ரமணா.

“அந்தாளுக்குக் குளுரு ஆவாது,” என்றார் பொன்னியம்மா. “முட்டி வலிக்காரன்.”

பிரமிளா சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்த மடிப்பிலேயே மடித்தாள். “மாத்திடறேன் மாமா,” என்றாள் என்னிடம். “மூணு வருசம் எழுதனவளுக்கு இன்னும் மூணு வாரம் எழுத முடியாதா? புஸ்தகமா வந்தா போதும்.”

“வந்தா யாரு புஸ்தகமா வரும்?” என்றேன்.

“எம் பேரு போட்டுத்தான் வரும்.”

“பேரு வரும். மல வராது.”

அவள் மடித்த கடிதத்தை மறுபடியும் பிரித்து, கொடைக்கானல் என்ற வார்த்தையை விரலால் மூடினாள். அவளுக்கும் அதுதான் வலி என்று தெரிந்தது. கொடைக்கானலை அவள் காலண்டரில் பார்த்ததோடு சரி. இந்த மலையில் பதினேழு வயது வரை அக்காவோடு கூரைப்புல் அறுத்துத் தலைச்சுமையாக இறக்கியவள். மலையை எடுத்துவிட்டால் அந்த நாவலில் அவளுக்கென்று மிஞ்சுவது ஒன்றுமில்லை. எடுக்காவிட்டால் நாவலே வராது போலிருந்தது.

“நீங்க ஒரு பதில் எழுதுங்க,” என்றாள் கல்பனா என்னைப் பார்த்து. “கட்டு மேல கல்லு வெச்சிருக்குதே, யாரு தொடுவாங்க? அது கூடத் தெரியாம ஒருத்தரு மெட்ராசுல உக்காந்துக்கினு...”

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. மலையில் புல்லோ விறகோ வெட்டிக் கட்டுபவர், எல்லாவற்றையும் ஒரே நடையில் இறக்க முடியாமல் ஒன்றைப் பாதையோரம் விட்டுவிட்டுப் போனால், அதன் மேல் ஒரு கல்லை வைப்பார். கல் இருந்தால் உடையவர் உண்டு என்று அர்த்தம். பத்து நாள் கிடந்தாலும் யாரும் தொடமாட்டார்கள். பிரமிளாவின் கொலைகாரன் அந்த ஊர்க்காரன். பிணத்தின் மேல் புல்கட்டைப் போட்டு, கட்டின் மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டுக் கூலாக இறங்கிப் போய்விடுகிறான். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் அது. ஊர் மரியாதையையே பூட்டாகப் போட்டுப் பிணத்தை வைத்துவிட்டாளே இந்தப் பெண் என்று நினைத்தேன்.

மேசையை இழுத்துப் போட்டுப் பதில் எழுத ஆரம்பித்தேன். நான் கடிதங்களை எண் போட்டுத்தான் எழுதுவேன். முதல் எண்ணில் நன்றி. இரண்டாம் எண்ணில், “கல் வைத்த கட்டை யாரும் தொடாத வழக்கம் தங்கள் கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம். அது விளக்கப்பட்டிருக்கும் பக்கம்:” என்று எழுதிவிட்டு, எண்ணைப் போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். கார்பன் பிரதியை எடுத்துப் புரட்டினேன்.

பிணம் மறைக்கப்படும் அத்தியாயத்தில் இல்லை. பாலையா கண்டுபிடிக்கும் அத்தியாயத்திலும் இல்லை. பொன்னியம்மாவும் கல்பனாவும் சமைத்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்து, எனக்குத் தட்டை மேசைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். சாயங்காலம் மூன்றரைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன்.

“எங்கேயும் இல்ல,” என்றேன்.

“இன்னா இல்ல?”

“கல்லு வெச்சிருக்குதுன்னு எட்டு எடத்துல வருது. கல்லு வெச்சா தொடமாட்டாங்கன்னு ஒரு எடத்துலயும் இல்ல.”

கல்பனா நம்பவில்லை. காகிதத்தைப் பிடுங்கித் தானே பார்த்தாள். “அது எழுதணுமா? சோறு வாயாலதான் துன்றாங்கன்னு எழுதுவாங்களா?”

அப்போது வாசற்படியிலிருந்து ரமணா மெதுவாகச் சொன்னான். “அன்னா, நான் ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. எனக்கும் தெரில.”

“இன்னா தெரில?”

“நாலு நாளு அத ஏன் ஒருத்தனும் தூக்கலன்னு. எங்கூர்ல மாந்தோப்பு, கம்பிவேலி, காவக்காரன். மலயே கெடையாது. கேட்டா சிரிப்பீங்கன்னு, சரி, தமிழ்க் கதைங்கள்ல இப்டித்தான் இருக்கும் போலன்னு வுட்டுட்டேன்.”

பொன்னியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நாலு ஞாயிறு எங்கூட்ல தோச துன்னியே, அப்பயாவது வாயத் தொறந்து கேக்கக் கூடாதாடா?”

“தோச துன்னும்போது வாய் காலியா இல்லம்மா.”

எல்லோரும் சிரித்தோம், பிரமிளாவைத் தவிர. அவள் கட்டிலிலிருந்து எழுந்து வந்து என் கையிலிருந்த பதிலை வாங்கி இரண்டாம் எண்ணை மட்டும் படித்தாள். “அவரு கேட்டது சரிதான் மாமா. நான்தான் சொல்லல. அது வுட்டுப்போனது எழுதன எனக்கும் தெரில, பிரதி எடுத்த உங்களுக்கும் தெரில, கேட்டவங்களுக்கும் தெரில.”

“ஒரு வரி சேத்துடு,” என்றாள் கல்பனா.

“எங்க சேக்கறது? முன்னாடியே சொன்னா, கட்டப் பாத்தவுடனே பொணம் அங்கதான்னு படிக்கறவங்க கண்டுபுடிச்சிடுவாங்க. பொணம் கெடச்ச அப்பால சொன்னா, மாட்டிக்கினவன் சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்.” பதிலை மேசையில் வைத்தாள். “அதோட நான் புல்லு அறுத்தே பன்னண்டு வருசம் ஆச்சி. இப்ப அங்க பாதிப் பேரு புத்தூருக்குக் கம்பெனி வேலைக்குப் போறாங்க, பாதிப் பேரு குவைத்துல இருக்காங்க. கல்லு வெச்சா இன்னும் தொடமாட்டாங்கன்னு நான் எப்டி அடிச்சி எழுதறது?”

“வெச்சிப் பாரேன்,” என்றார் பொன்னியம்மா.

பேச்சு அதோடு நின்றிருக்கும். நான் விடவில்லை. காலண்டரை எடுத்து நாள் குறித்தேன். 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பொன்னியம்மா ஒரு கட்டுப் புல் அறுத்து, கதையில் வரும் அதே வளைவில் போட்டு, மேலே ஒரே ஒரு கல்லை வைக்க வேண்டியது. யாரிடமும் சொல்லக் கூடாது. 26 செவ்வாய்க்கிழமை, குடியரசு தினம், எனக்கு லீவு. நாங்கள் போய்ப் பார்க்க வேண்டியது. இடையில் நான்கு நாள், கதையில் இருப்பது போலவே.

செவ்வாய்க்கிழமை காலை ரமணாவின் ஆட்டோவில் கிளம்பினோம். வாடகை பேசவே அவன் விடவில்லை. பாலையா உட்கார்ந்த ஏழு கல்லையும் காட்டினால் போதும் என்றான். மலையடியில் பொன்னியம்மா காத்திருந்தார். ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கினோம்.

ஏழு கற்களும் இருந்தன. நாவலில் உள்ள வரிசையில், உள்ள உயரத்தில். நான் பட்டியல் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். ரமணா ஒவ்வொன்றிலும் பாலையா போலவே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, “அப்பாடி” என்றான். மூன்றாவது கல்லில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் கீழே ஏரியும், அதன் கரையில் பனை வரிசையும், தூரத்தில் ரயில்பாதையும், அதற்கும் அப்பால் புகை விடும் புதிய பாக்டரிகளும் ஒரே பார்வைக்குள் வந்தன. “அம்மாயி,” என்று தெலுங்கில் பிரமிளாவைக் கூப்பிட்டான். “நீ எழுதனது அப்டியே இருக்குது. நீ கத விடறேன்னு நெனச்சேன்.”

“கததான் வுட்டேன், ரமணண்ணா.”

“இல்லமா. இது நீ வுட்டது இல்ல.”

ஐந்தாவது கல்லைத் தாண்டினால் பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்புகிறது. அந்த வளைவுதான். பிரமிளா நடையை மெதுவாக்கினாள். நான் அவளை முந்திக்கொண்டு போனேன். கட்டு போயிருந்தால், அந்த நாவலின் அடிக்கல்லே போன மாதிரி.

கட்டு இருந்தது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ஒன்பது ஐம்பது. “தொடல,” என்றேன். கல்பனா தங்கையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “பாத்தியாடி? எழுது போ, மெட்ராசுக்கு.”

பிரமிளா கட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். “அம்மா, எத்தினி கல்லு வெச்ச?”

“ஒண்ணுதான். மாப்ள ஒண்ணுதான்னு சொன்னாரே.”

கட்டின் மேல் இரண்டு கற்கள் இருந்தன. ஒன்று பொன்னியம்மா வைத்த உருண்டைக் கல். அது ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. சரிந்த பக்கத்துக்கு எதிரே, கட்டை அழுத்திப் பிடித்தபடி, ஒரு தட்டைக் கல்.

“இது யாரு வெச்சது?”

“எனக்கு எப்டித் தெரியும்? சனிக்கெழம காத்து அடிச்சிது. கல்லு சரிஞ்சி புல்லு பறந்திருக்கும். போறவங்க யாராவது பாத்துட்டு இன்னொண்ணு வெச்சிட்டுப் போயிருப்பாங்க.” பொன்னியம்மாவுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து வெற்றிலை போட ஆரம்பித்தார்.

பிரமிளா அந்தத் தட்டைக் கல்லின் மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை. சரிந்த உருண்டைக் கல்லையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, அவங்களும் வெச்சிருப்பாங்க.”

“யாரு?”

“எங் கதைல. அந்த வழியா போறவங்க. மாடு ஓட்டிக்கினு போற லட்சுமம்மா வெச்சிக்கலாம். கட்டு காத்துல பிரியறதப் பாப்பா. பாவம், யாரோ கஷ்டப்பட்டு அறுத்ததுன்னு ஒரு கல்லு எடுத்து மேல வெச்சிட்டு மாட்ட ஓட்டிக்கினு போயிடுவா. பொணத்து மேல.”

ரமணா ஆறாவது கல்லை நோக்கி ஏறிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். “அய்ய... தேவுடா,” என்றான்.

“ஒரு அத்தியாயத்துல சும்மா அவ கல்லு வெக்கறது மட்டும் வரும். மாட்டப் பத்திப் பேசிக்கினே வெப்பா. படிக்கறவங்க கண்ணுல படாது. அப்பால பாலையா வந்து ரெண்டு கல்லப் பாப்பாரு. ஒண்ணு ஓடைலேர்ந்து தூக்கினு வந்தது, ஒண்ணு பாத ஓரத்துல எடுத்தது. ரெண்டு பேரு வெச்சிருக்காங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். ஊர்ல கேப்பாரு. லட்சுமம்மா நான்தான் சார் வெச்சேன்னு முன்னாடி வந்து சொல்லுவா. ஏம்மா, தூக்கிப் பாக்கலியாம்பாரு.” அவள் எழுந்து நின்றாள். “அடுத்தவங்க கட்டாச்சே சார்ம்பா. அவ்ளோதான் மாமா. வேற எதுவும் சொல்ல வேணாம்.”

நான் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். என் ஏழு கற்களின் பட்டியலுக்கு அடுத்த பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். வெயில் ஏறியது. விறகு இறக்குகிறவர்களும் ஆடு ஓட்டுகிறவர்களும் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் அவள் எழுதுவதை எட்டிப் பார்த்து, “இன்னா, கவர்மெண்டுல கணக்கு எடுக்கறாங்களா?” என்று கல்பனாவிடம் கேட்டாள். “ஆமா, செத்தவங்க கணக்கு,” என்றாள் கல்பனா. அந்தப் பெண் வேகமாக இறங்கிப் போனாள்.

நான் பிரமிளாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டாம் கல்லைப் பொன்னியம்மா பார்த்தார், கல்பனா பார்த்தாள், நானும் பார்த்தேன். எங்களுக்கு அது காற்றில் சரிந்த கட்டு. அவளுக்கு மட்டும், யாரென்றே தெரியாத ஒருவருடைய நல்ல மனசு, ஒரு கொலைகாரனுக்கு உதவி செய்துவிட்டுப் போன இடமாகத் தெரிந்தது. அந்த மலையில் பிறந்தவர்கள் எத்தனையோ பேர். இப்படிப் பார்க்க அவள் ஒருத்திதான் வந்தாள்.

சனிக்கிழமைக்குள் புதிய அத்தியாயம் முடிந்தது. பதினான்கு பக்கம். லட்சுமம்மா கல் வைக்கிற இடத்தை அவள் ஒரே வாக்கியத்தில் கடந்திருந்தாள். அதுவும் மாட்டின் கழுத்துப் புண்ணைப் பற்றிய பேச்சுக்கு நடுவில். பிரதி எடுக்கும்போது எனக்கே அது ஒரு கணம் தப்பிவிட்டது.

மலையை மாற்றுவது பற்றிய பதில்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை நான் ஏழு எண்களில் ஒரு கடிதம் தயாரித்து வைத்திருந்தேன். மலையின் உயரம், அருவி, பாறையின் நிறம், சாயங்காலத்தில் செங்குத்தின் மேல் வெயில் விழும் அழகு, கொடைக்கானலோடு ஒப்பீடு, எல்லாம் அதில் இருந்தது. பிரமிளா படித்தாள். “நல்லா இருக்குது மாமா,” என்று சொல்லிவிட்டு, என் பேனாவையே வாங்கி மூன்றிலிருந்து ஏழு வரை குறுக்கே கோடு போட்டாள்.

“மலையப் பத்தித்தானே கேட்டாரு?”

“மல கதைல இருக்குது. அத அங்க பாக்கட்டும்.”

மிஞ்சியவை இரண்டு. “1. தங்கள் கேள்வி சரியானது. இந்த ஊரில் பிறந்ததால் சொல்ல மறந்துவிட்டேன். பதினோராம் அத்தியாயம் புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளது. 2. இடத்தை மாற்றவில்லை. இந்தக் கொலை இந்த மலையில்தான் நடக்க முடியும்.” கீழே நான், வெளியிட இயலாவிட்டால் பிரதியைத் திருப்பி அனுப்பக் கோருகிறேன் என்று சேர்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத எழுதாதீங்க. கார்பன் பிரதி உங்ககிட்டதான் இருக்குதே.”

“அவங்க வேணாம்னு சொல்லிட்டா?”

“சொல்லட்டும். வேற எடத்துக்கு இதே மலைய அனுப்பலாம்.”

கையெழுத்தை அவளே போட்டாள். அனுப்புநர் முகவரியில் என் வீட்டு எண்ணுக்குப் பதில் பூத்தின் முகவரியை எழுதச் சொன்னாள்.

பிப்ரவரி 1, திங்கட்கிழமை காலை, ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு அவளோடு தபால் ஆபீசுக்குப் போனேன். முந்நூற்று இருபத்தாறு பக்கங்களையும் அட்டை வைத்துக் கட்டி, கடிதத்தை மேலே வைத்து, பழுப்பு உறையில் போட்டேன். வாயைப் பசை தடவி ஒட்டி, காயும் வரை இரண்டு பேரும் மாறி மாறி உள்ளங்கையால் அழுத்தினோம். குறுக்கும் நெடுக்கும் சணல் நூல் சுற்றி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றினேன். ரிஜிஸ்டர் கிளார்க் எடை பார்த்து, முத்திரை குத்தி, ரசீதைப் பிரமிளாவிடம் நீட்டிவிட்டு, உறையைப் பின்னால் தொங்கிய சென்னைத் தபால் பைக்குள் போட்டார்.